நம் ரயில் டிக்கெட்டைச் சுமக்கும் நிலக்கரி

ரயில் டிக்கெட் கைக்கு வந்ததும் பயண நாள், பெட்டி எண், பெர்த் எண் மூன்றையும் சரிபார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்வது நம் வழக்கம். 2016ஆம் ஆண்டு முதல் அந்த டிக்கெட்டில் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சாகி வந்தது. அதைக் கவனித்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். உங்கள் பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதத்தை மட்டுமே ரயில்வே உங்களிடமிருந்து பெறுகிறது என்பது அந்த வரியின் சாரம். படித்தவர்களும், மீதியைச் சர்க்கார் போடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலோர சீட்டைப் பற்றிக் கவலைப்படப் போயிருப்பார்கள்.

மீதியைப் போடுவது பெரும்பாலும் சரக்கு ரயில். புதுப் பாதை போடவும் புது எஞ்சின் வாங்கவும் மத்திய பட்ஜெட்டிலிருந்து பணம் வருகிறது, வாஸ்தவம்தான். ஆனால் பயணி வண்டியை ஓட்டுகிற அன்றாடச் செலவில் விழும் துண்டு, சரக்குக் கட்டணத்தில் கிடைக்கும் லாபத்தைக் கொண்டுதான் அடைக்கப்படுகிறது. தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. 2022-23ஆம் ஆண்டில் பயணிகளுக்கு விட்டுக்கொடுத்த தொகை 56,993 கோடி ரூபாய் என்று ரயில்வே அமைச்சகமே கணக்குச் சொன்னது. நூறு ரூபாய் ஆகிற சேவைக்குச் சராசரியாக 54 ரூபாய் வசூல். 2023-24இல் சரக்கிலிருந்து வந்த வருமானம் சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம் கோடி ரூபாய். நம்மைப் போன்ற பயணிகளிடமிருந்து வந்தது 70 ஆயிரம் கோடியைச் சற்றே தாண்டியது. அந்தச் சரக்கின் எடையில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு பொருள்: நிலக்கரி.

ஆகவே விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நம் குடும்பங்களின் ஸ்லீப்பர் டிக்கெட்டில் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கரி கலந்திருக்கிறது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்சு வந்தால் பனிமலை உருகுவது, கடல் மட்டம் ஏறுவது, மொட்டை மாடியில் சோலார் போடுவதற்கு என்ன மானியம் என்ற மூன்றோடு முடிந்துவிடும். அவை முக்கியம்தான். ஆனால் இந்த நாட்டில் நிலக்கரி எரிபொருளாக இருப்பதோடு ஒரு கஜானாவாகவும் இருக்கிறது. ரயில் கட்டணம், மாநில அரசின் வருமானம், சுரங்கத் தொழிலாளியின் ஓய்வூதியம் என்று பலவற்றை அது சத்தமில்லாமல் தாங்கி நிற்கிறது. அடுப்பை மாற்றுவது எப்படி என்பதில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். கஜானாவை மாற்றுவது எப்படி என்ற ஆராய்ச்சி இப்போதுதான் சூடு பிடிக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அடுப்பு எவ்வளவு மாறியிருக்கிறது?

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2008 ஜூனில் பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டம் வந்தது. அதன் ஒரு கிளையாக 2010 ஜனவரியில் தேசிய சூரியசக்தி இயக்கம் தொடங்கியது. 2022க்குள் 20,000 மெகாவாட் என்பது அன்றைய இலக்கு. அதையே பலர் கனவு என்றார்கள். 2010 டிசம்பரில் நடந்த முதல் ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் சராசரியாகப் பன்னிரண்டு ரூபாய் சொச்சத்துக்குப் போனது. 2017இல் ராஜஸ்தான் பட்லா பூங்கா ஏலத்தில் அது 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. பத்து வருஷத்தில் ஒரு பொருளின் விலை ஆறில் ஒரு பங்காகக் குறைவதை நம் தலைமுறை செல்போனில் பார்த்திருக்கிறது, வேறு எதிலும் பார்த்ததில்லை.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா 2030க்கான இலக்குகளையும், 2070க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யம் ஆக்குவது என்ற வாக்குறுதியையும் கொடுத்தது. நிறுவு திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாத வழிகளிலிருந்து என்ற இலக்கை 2025 ஜூனிலேயே, ஐந்து வருஷம் முன்னதாக, எட்டியும் விட்டது. இதைப் பார்த்து நிலக்கரியின் காலம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறுவு திறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியத்தகடு ஒரு நாளில் முழு பலத்துக்கு ஈடாக ஐந்தாறு மணி நேரம்தான் வேலை செய்யும். அனல் நிலையம் ராப்பகலாக ஓடும். அதனால் திறனில் பாதி கைமாறிய பிறகும், நாம் உபயோகிக்கும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிலிருந்தே வருகிறது. 2024-25இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. 2032க்குள் இன்னும் 80,000 மெகாவாட் அனல் திறன் தேவை என்பது மின் அமைச்சகத்தின் கணக்கு. கிளாஸ்கோவில் நிலக்கரியை 'ஒழிப்பது' என்று இருந்த வாசகத்தைக் கடைசி நேரத்தில் 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்றச் சொன்னதும் இந்தியாதான். மேலை நாட்டுப் பத்திரிகைகள் அதற்காக நம்மைத் திட்டின. நம் தலைக்கு ஆண்டுக்கு இரண்டு டன் அளவே கரியமில வாயு, அமெரிக்கனுக்குப் பதினான்கு டன் அளவு என்பதை அவர்கள் அந்தப் பக்கத்தில் போட்டார்களா என்று பார்த்தால், அநேகமாக இல்லை.

அப்படியானால் கஜானாவைப் பற்றி இப்போதே என்ன கவலை, இன்னும் இருபது வருஷம் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எரிக்கும் கரி குறையும் முன்பே, கரி கொண்டுவரும் பணம் குறையத் தொடங்கும் என்பதுதான் பதில். அது எப்படி என்று பார்ப்போம்.

வண்டிச் சத்தத்தின் கணக்கு

ஒரு சரக்கு ரயில், அதை ரேக் என்பார்கள், ஐம்பத்தெட்டு வேகன்களில் ஏறக்குறைய 3,800 டன் கரி ஏற்றும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ரேக்கிலிருந்து 54 லட்சம் யூனிட். 210 மெகாவாட் இயந்திரம் ஒன்றை ஒரு நாள் முழு மூச்சில் ஓட்ட இது போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான ரேக்குகள் தினமும் ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசத்துச் சுரங்கங்களிலிருந்து கிளம்புகின்றன. நம் வண்டி நடுக்காட்டில் காரணம் தெரியாமல் நிற்கும்போது பக்கத்துப் பாதையில் தடதடவென்று போகிறதே, அதில் பாதி இதுதான்.

ரயில்வே சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கட்டணம் வாங்குகிறது. சாப்பாட்டுத் தானியத்துக்கு ஒரு வகுப்பு, அதைவிட மேலே நிலக்கரிக்கு ஒரு வகுப்பு. காரணம் எளிது. தானியத்தை லாரியில் கொண்டுபோக முடியும். ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் மின் நிலையத்துக்குத் தினம் நான்காயிரம் டன் கரியை லாரியில் கொண்டுபோக முடியாது. வேறு வழியில்லாத வாடிக்கையாளரிடம் கொஞ்சம் கூட்டி வாங்குவது எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த வித்தைதான். 2018இல் புரூக்கிங்ஸ் இந்தியா நிறுவனத்தில் புனீத் கம்போஜ், ராகுல் டோங்கியா என்ற இரு ஆய்வாளர்கள் இதை வரவு செலவு வாரியாக அலசினார்கள். பயணிகளின் துண்டை அடைப்பதற்காக நிலக்கரி, தன் நியாயமான பங்குக்கு மேல் எவ்வளவு கொடுக்கிறது என்பதே கேள்வி. மின்சார விலையில் யூனிட்டுக்குச் சராசரியாகப் பத்து காசு அளவு இதனால் ஏறுகிறது, ரயிலில் வரும் கரியை எரிக்கும் நிலையங்களை மட்டும் எடுத்தால் இருபது காசுக்கும் மேல் என்பது அவர்கள் கண்ட விடை. அதாவது மின்சார பில் கட்டுகிற ஒவ்வொருவரும் ரயிலில் போகிறவருக்குத் தெரியாமல் ஒரு சின்ன மொய் எழுதுகிறார்கள்.

இந்த மொய்க் கணக்கு ஏன் சீக்கிரம் ஆட்டம் காணும் என்பதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, மின்சாரத்தை வாங்கும் முறை. ஒவ்வொரு மாநிலத்திலும் சுமை அனுப்புகை மையம் என்று ஒன்று இருக்கிறது. அன்றன்றைக்கு எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று அதுதான் உத்தரவு போடும். அதன் விதி, எரிபொருள் செலவு குறைந்த நிலையத்துக்கு முதல் அழைப்பு, அதிகமானதற்குக் கடைசி அழைப்பு. சூரியனுக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவே கிடையாது, அவை முதலில் நுழைந்துவிடும். அடுத்தது சுரங்க வாசலிலேயே இருக்கும் அனல் நிலையங்கள். நம் நெய்வேலி அப்படிப்பட்டது. பழுப்பு நிலக்கரியைத் தோண்டிப் பக்கத்திலேயே எரிப்பதால் ரயிலுக்கு வேலை இல்லை. கடைசியில் நிற்பது, கரி வெகுதூரம் பயணம் செய்து வரும் நிலையங்கள். ஜார்க்கண்ட், ஒடிசா கரியைப் பஞ்சாபில் எரிப்பதென்றால், சுரங்க வாசலில் கொடுக்கிற விலையைவிட வண்டிச் சத்தம் அதிகமாகிவிடும். பகல் வெயிலில் சூரிய மின்சாரம் பெருகும்போது முதலில் சுருதி குறைக்கச் சொல்வது இவற்றைத்தான்.

ரயில்வேக்கு மிக அதிக வருமானம் கொடுப்பதும் இந்தத் தொலைதூர ரேக்குகளே. நாட்டின் மொத்தக் கரி உபயோகம் குறையாமலே இருக்கலாம். ஆனால் அது பயணம் செய்யும் தூரம் குறைந்துபோனால் வருமானம் இறங்கிவிடும்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்ச்சேர் கரி ரயிலில் பாராதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் போகிறது. இந்தக் கப்பல் வேலைக்காகவே மாநில அரசு 1974இல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. மேட்டூருக்கான கரி எண்ணூரில் இறங்கி மறுபடி ரயிலேறும். ஏறி, இறங்கி, ஏறி வருகிற கரிக்குச் செலவு கொஞ்சமா? ஜூன் முதல் செப்டம்பர் வரை, அம்மியைப் பறக்கவைக்கும் அந்தக் காற்று முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் வீசும்போது, அனல் நிலையங்களின் இயந்திரங்களைக் குறைத்து ஓட்டுவது அங்கே பல வருஷத்துப் பழக்கம். காற்றுக்காகப் பழகியது, இப்போது வெயிலுக்காக வருஷம் முழுக்க வரப் போகிறது.

இரண்டாவது காரணம், சூரியன் சாயங்காலத்துக்கும் கை நீட்டத் தொடங்கியது. 2024, 2025ஆம் ஆண்டு ஏலங்களில் சூரியத்தகடும் மின்கலமும் சேர்த்து, இருட்டிய பிறகும் சில மணி நேரம் கொடுக்கக்கூடிய மின்சாரம், யூனிட் நாலு ரூபாய்க்குள் கிடைத்தது. புதிதாகக் கட்டும் தொலைதூர அனல் நிலையத்தால் இந்த விலைக்குக் கொடுக்க முடியாது. ஆகவே இனிக் கட்டும் அனல் நிலையங்கள் சுரங்கத்துக்கு அருகிலேயே அமையும் போக்கு பலப்படுகிறது. கிழக்குச் சரக்குப் பாதை என்று லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டருக்குத் தனிப் பாதை போட்டிருக்கிறார்களே, அதன் முக்கியமான சுமையே மேற்கே போகும் கரிதான். அந்தக் கரி வடமேற்கே போவது குறைந்தால் அந்தப் பாதையின் கணக்கையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

சரி, கட்டணத்தை ஏற்றிவிட்டால் போகிறது என்பார்கள் சிலர். 2020 ஜனவரிக்குப் பிறகு ஐந்தரை வருஷம் தொடாமல் வைத்திருந்த கட்டணத்தை 2025 ஜூலையில் தொட்டார்கள். குளிர்சாதனம் இல்லாத மெயில், எக்ஸ்பிரஸுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு காசு, குளிர்சாதன வகுப்புக்கு இரண்டு காசு. இரண்டாயிரம் கிலோமீட்டர் போகிற ஸ்லீப்பர் பயணிக்கு இருபது ரூபாய். துண்டு விழும் ஐம்பத்து ஏழாயிரம் கோடிக்கு இது எந்த மூலைக்கு? மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி பல வருஷங்களில் தன் செலவைத் தானே ஈட்டியிருக்கிறது என்பதும் தணிக்கை அறிக்கைகளில் உண்டு. துண்டு விழுவது புறநகர் வண்டியிலும், இரண்டாம் வகுப்பிலும், ஸ்லீப்பரிலும். அதில் போகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். முழுச் செலவையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. கரி கொடுத்து வந்ததைச் சிமெண்ட், கன்டெய்னர், மோட்டார் வாகனம் போன்ற வேறு சரக்குகள் கொடுக்கலாம். ஆனால் அவற்றுக்கு லாரி இருக்கிறது, கூட்டி வாங்கினால் ரோட்டுக்குப் போய்விடும். என் அபிப்பிராயம், ஏழைப் பயணிக்கான சலுகையை அரசு தன் பட்ஜெட்டில் வெளிப்படையாக ஒரு தொகையாகக் காட்டி ரயில்வேக்குக் கொடுப்பதே முறை. மின்சார பில்லுக்குள் ஒளித்து வைத்திருக்கும் மொய்யை எழுதிக் காட்டும் மொய்யாக மாற்றினால், யாருக்கு எவ்வளவு, ஏன் என்ற பேச்சாவது நடக்கும்.

ஐம்பது ரூபாயில் தொடங்கிய வரி

நிலக்கரியிலிருந்து எடுத்துத் தூய எரிசக்திக்குக் கொடுப்போம் என்ற யோசனை நம் நாட்டில் புதிதல்ல. 2010ஆம் ஆண்டு பட்ஜெட்டிலேயே நிலக்கரி மீது டன்னுக்கு ஐம்பது ரூபாய் தூய எரிசக்தி செஸ் போட்டார்கள். அது 2014இல் நூறு, 2015இல் இருநூறு, 2016இல் நானூறு ஆனது. உலகத்தில் பல பணக்கார நாடுகள் கரிமத்துக்கு வரி போடத் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில் இது துணிச்சலான வேலை. வசூலாகும் பணம் தேசியத் தூய எரிசக்தி நிதியில் சேரும், சூரியசக்திக்கும் ஆராய்ச்சிக்கும் போகும் என்பது ஏற்பாடு.

நடந்தது என்ன? 2010-11 முதல் 2017-18 வரை வசூல் 86,440 கோடி ரூபாய். அதில் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 29,645 கோடி. அதிலிருந்து திட்டங்களுக்குச் செலவானது 15,911 கோடி. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த நானூறு ரூபாயின் பெயரும் மாறியது, வேலையும் மாறியது. மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் செஸ் ஆனது. இதைத் திருட்டு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஜிஎஸ்டிக்கு மாநிலங்கள் சம்மதிக்க அந்தப் பணம் தேவைப்பட்டது. ஆனால் ஒரு காரியத்துக்கென்று சேர்த்த உண்டியல் வேறு காரியத்துக்குப் போனது என்பது உண்மை.

2025 செப்டம்பர் 22 முதல் அந்தச் செஸ்ஸும் இல்லை. அதற்குப் பதில் நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனது. வரி ஏறிவிட்டது போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை. மின் நிலையங்கள் வாங்கும் தாழ்ந்த ரகக் கரி டன் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 5 சதவீதம் 75 ரூபாய், செஸ் 400, ஆக 475. இப்போது 18 சதவீதம், வெறும் 270. டன் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு மேற்பட்ட உயர்ந்த ரகக் கரிக்குத்தான் வரி உண்மையில் கூடியிருக்கிறது. சாம்பல் அதிகமான, புகை அதிகமான கரிக்கு வரி குறைந்தது என்பது பருவநிலைக் கொள்கைக் கண்ணோட்டத்தில் தலைகீழான விஷயம். மின்சார விலை கொஞ்சம் குறையும் என்பது மறுபக்கம். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஜிஎஸ்டி என்பது பொருள் போய்ச் சேரும் இடத்துக்கு உரிய வரி. ஜார்க்கண்டில் வெட்டிய கரியைப் பஞ்சாபில் எரித்தால் மாநிலப் பங்கு பஞ்சாபுக்கு. குழியும் புகையும் ஒரு மாநிலத்துக்கு, வரி இன்னொன்றுக்கு.

குழி இருக்கும் ஊர்கள்

நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்ததே கரியும் இரும்பும் ரயிலும்தான். தன்பாத், பொகாரோ, ஜாம்ஷெட்பூர், ரூர்கேலா, பிலாய், காரக்பூர் என்று அந்தந்த ஊர்த் தமிழ்ச் சங்கங்களின் பழைய உறுப்பினர் பட்டியலைப் புரட்டினால் தெரியும். 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, கரியையும் இரும்பையும் நாட்டின் எந்த மூலையிலும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கச் செய்யும் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை இருந்தது. தொலைவில் இருந்த தெற்கும் மேற்கும் அதனால் தொழில் வளர்த்தன. வாசலிலேயே கரி வைத்திருந்த பீகார், வங்காளம், ஒடிசாவுக்கு இருந்த அனுகூலம் பறிபோனது. தமிழ்நாடு பெற்ற நன்மையில் இந்த ஊர்க்காரர்களின் இழப்பும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஜாரியாவில் 1916இல் முதன்முதல் கண்ட நிலத்தடி நெருப்பு நூறு வருஷம் தாண்டியும் எரிகிறது. அங்கிருந்து குடும்பங்களை மாற்றுவதற்கு 2009இல் ஒரு பெருந்திட்டம், 2025 ஜூனில் 5,940 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம். எரியும் வீட்டை விட்டு ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்? புது வீடு இருக்கும் இடத்தில் பிழைப்பு இல்லை. நிலக்கரிக்கு மாற்று என்ன என்று கொள்கை எழுதுகிறவர்கள் முதலில் ஜாரியாவுக்குப் போய்ப் பார்க்கலாம். வீடு கொடுப்பதும் பிழைப்பு கொடுப்பதும் ஒன்றல்ல என்பது அங்கே தெருவுக்குத் தெரு தெரியும்.

கோல் இந்தியா 1975இல் தொடங்கியபின் ஒரு காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் வேலை பார்த்தார்கள். இன்று இரண்டேகால் லட்சம் அளவு. வெட்டும் கரியோ பல மடங்கு பெருகிவிட்டது. இந்த வேலைகளைப் பறித்தது சூரியத்தகடு இல்லை. ஆழச் சுரங்கம் போய்த் திறந்தவெளிச் சுரங்கம் வந்தது, பெரிய இயந்திரம் வந்தது, காண்ட்ராக்ட் முறை வந்தது. ஜார்க்கண்டின் ராம்கட் மாவட்டத்தை ஐஃபாரஸ்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2020இல் ஆராய்ந்தபோது, அங்கே ஏறக்குறைய பாதிச் சுரங்கங்கள் ஏற்கெனவே மூடிக் கிடந்தன. பருவநிலைக் கொள்கையால் அல்ல, பெரும்பாலும் கட்டுப்படியாகாததால். மூடிய சுரங்கத்துக்குப் பக்கத்து ஊருக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை.

நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பள ஒப்பந்தமும் குவார்ட்டர்ஸும் ஓய்வூதியமும் உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அதில் கால்வாசி கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்கும் கீழே இருப்பவர்கள், சைக்கிளில் இருநூறு கிலோ கரி மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு ராஞ்சி ரோட்டில் விடியற்காலையில் நடக்கிறவர்கள். எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் கிடையாது. சட்டப்படி அவர்கள் செய்வது குற்றம். நடைமுறையில் ஆயிரக்கணக்கான டீக்கடை அடுப்புகளும் செங்கல் சூளைகளும் அவர்களால் எரிகின்றன. சுரங்கம் மூடினால் நஷ்ட ஈடு யாருக்கு என்று பட்டியல் எழுதும்போது பெயர் இல்லாதவரை எங்கே எழுதுவது? நீதியான மாற்றம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்று பேசுகிற விஷயத்தின் நடுமையமே இந்தக் கேள்விதான்.

ஓய்வூதியமும் கரியோடு கட்டப்பட்டிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஓய்வூதியத் திட்டத்தில் பணம் கட்டுகிறவர்களைவிட வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பள்ளத்தை நிரப்ப கோல் இந்தியா விற்கும் ஒவ்வொரு டன்னுக்கும் பத்து ரூபாய் கட்ட முன்வந்தது. நல்ல மனசுதான். ஆனால் இதன் பொருள், முதியவரின் ஓய்வூதியம் இனி வெட்டப்போகும் கரியை நம்பி இருக்கிறது என்பது.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்கிறவர்களுக்கு இரண்டே உதாரணம். ஜெர்மனி 2020இல் சட்டம் போட்டு, 2038க்குள் நிலக்கரியிலிருந்து வெளியேறுவதற்காகக் கரி மாவட்டங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. ரூர் பகுதியில் கடைசி ஆழச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியபோது அது பல பத்தாண்டுகளாகத் திட்டமிட்டு நடந்த விஷயம். தென்னாப்பிரிக்கா கோமாட்டி என்ற பழைய அனல் நிலையத்தை 2022 அக்டோபரில் நிறுத்தியது. மாற்று வேலைகள் பின்னால் வரும் என்றார்கள். ஊர் முதலில் வாடியது. பணமும் காலமும் முன்கூட்டியே இருந்தால் ஒரு விதம், இல்லாவிட்டால் இன்னொரு விதம்.

ஜார்க்கண்ட் அரசு 2022 நவம்பரில் நீதியான மாற்றத்துக்கென ஒரு பணிக்குழு அமைத்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதே மாநிலத்தின் பணப்பெட்டியைத் திறந்து பாருங்கள். கரி விலையில் 14 சதவீதம் ராயல்டி. டன் 1,500 ரூபாய்க் கரிக்கு 210 ரூபாய். அதன்மேல் பழைய குத்தகைகளுக்கு ராயல்டியில் 30 சதவீதம், அதாவது 63 ரூபாய், 2015இல் வந்த சட்டத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு. இந்த அறக்கட்டளைப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கானது. குடிநீர், பள்ளி, ஆஸ்பத்திரி என்று செலவாகிறது, சில இடங்களில் கட்டிடம் கட்டுவதோடு நின்றுவிடுகிறது. மாற்றுத் தொழிலுக்கு விதைப்பணம் இதிலிருந்துதான் வர வேண்டும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கும் அதுவே கைக்கு எட்டிய வழியாகத் தெரிகிறது.

2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டி என்பது வரி ஆகாது, கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் தனியே வரி போடலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஜார்க்கண்ட் அதே ஆண்டு கனிம நிலத்துக்குச் செஸ் விதிக்கும் சட்டம் கொண்டுவந்தது. எத்தனை டன் வெளியே போகிறதோ அத்தனைக்கு அத்தனை பணம் என்பதே அதன் கணக்கு. கட்டணச் சமன்பாட்டில் நாற்பது வருஷம் இழந்த மாநிலம் இப்போதாவது வாங்கட்டும் என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் கரியிலிருந்து விலகத் திட்டம் போடும் பணிக்குழு ஒரு கட்டிடத்திலும், கரி கூடினால் வருமானம் கூடும் என்று கணக்குப் போடும் நிதித்துறை இன்னொரு கட்டிடத்திலும் ராஞ்சியில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த இரண்டு கோப்புகளும் ஒரே மேஜைக்கு வருகிறதா என்பதைத்தான் அடுத்த சில பட்ஜெட்டுகளில் பார்க்க வேண்டும்.